தளத்துப் பாசிக்கு ஆசிட் ஊற்றாதீர்கள்

இந்த மழைக்கும் அதே புகார். ஆனைமலைப் பக்கம் ஒரு வீடு; தளம் ஒழுகுகிறது என்றார்கள். ஏறிப் பார்த்தால் மருந்துக்குக்கூடப் பாசி இல்லை. தளத்தில் பதித்த தட்டோடுகளின் சந்துகளில் பூசிய சிமெண்ட் வெளுத்துப் போய், கட்டைவிரலால் தேய்த்தால் மணல் மணலாக உதிர்கிறது. "வருடா வருடம் ஆசிட் ஊற்றித்தானுங்க கழுவுகிறோம்" என்றார் வீட்டுக்காரர், பெருமையாக.

எத்தனை வீட்டில்தான் இதைச் சொல்வது! ஆசிட் பட்டதும் புஸ்ஸென்று நுரைக்கிறதே, அது பாசி சாகிற நுரை அல்ல. சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு கரைகிற நுரை. உங்கள் தளம்தான் கரைந்து குழாய் வழியே போகிறது. பாசியும் சாகும், மறுக்கவில்லை. ஆனால் வழவழப்பாக இருந்த பூச்சு சொரசொரப்பாகிவிடும். சொரசொரப்பில் ஈரமும் தூசியும் தங்கும். அடுத்த மழைக்குப் பாசி இன்னும் அடர்த்தியாக வரும். நீங்கள் இன்னொரு கேன் வாங்குவீர்கள். ஆசிட்டில் உள்ள குளோரைடு உள்ளே இறங்கிக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தொட்டுவிட்டால் கம்பி துருப்பிடித்து உப்பும். பிறகு அறைக்குள் காரை பெயர்ந்து விழும்போது, கட்டிய மேஸ்திரியைத் திட்டுவீர்கள்.

ஆசிட்டுக்கு அலைவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரைத் தளத்தில் ஊற்றி வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) பாருங்கள். தண்ணீர் நிற்கிற இடமும் பாசி பிடித்த இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அங்கே வாட்டத்தைச் சரிசெய்யாமல் எதை ஊற்றினாலும் வீண். நான் பார்த்த தளங்களில் பாதிக்கு மேல் மழைநீர்க் குழாயின் வாயில் தென்னம்பூவும் குரும்பையும் அடைத்துக் கிடந்தன. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை இல்லாத வீடு ஏது? ஆடிச் சாரலுக்கு முன் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை குழாய் வாயைச் சுத்தம் செய்யுங்கள். கூரைமேல் கவிந்த கிளையை வெட்டி வெயிலை விடுங்கள்.

இருக்கிற பாசியை எடுக்கக் கோடைதான் நல்ல காலம். காய்ந்ததைத் துடைப்பத்தாலும் மரக்கட்டையாலும் சுரண்டினாலே பெயர்ந்துவிடும். வெயிலில் செத்துவிட்டது என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். கருகிக் கிடப்பது முதல் சாரலிலேயே பச்சை பிடிக்கும். மிச்சத்துக்கு 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த நீரை ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஆசிட் ஊற்றிய இடத்தில் இதை ஊற்றவே கூடாது. இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு, மூச்சை அடைத்துவிடும். பாசியை எடுக்காமல் அதன்மேல் வெள்ளைக் குளிர்ச்சிப் பெயிண்ட் அடிப்பதும் வேண்டாம். பாசியோடு சேர்ந்து பெயிண்டும் உரிந்து வரும்.

ஓட்டு வீடுகளில் வடக்குச் சரிவைக் கவனியுங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அந்தப் பக்கம் காய நாளாகும். கார் கழுவும் பீச்சுக்குழாயை ஓட்டின்மேல் காட்டாதீர்கள். சுட்ட ஓட்டின் மேல்தோல் போய்விடும், தண்ணீரும் அடுக்குகளுக்குள் ஏறி ஓட்டைத் தாங்கும் மர ரீப்பரை நனைக்கும். சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்கூடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் சுரண்டவே வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அந்த ஷீட்டை மாற்றுவதுதான் வழி.

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் கூரைத் தண்ணீர் பலருக்குத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகிறது. கழுவும் நாளில் அந்தக் குழாயைக் கழற்றி வெளியே விடுங்கள். அடுத்த ஓரிரு மழைத் தண்ணீரும் வெளியே போகட்டும்.

இன்னொன்று, இது கெஞ்சல்தான். வயதான ஐயாக்கள், தனியாக இருக்கும் அம்மாக்கள், தயவுசெய்து நீங்களே ஏறாதீர்கள். ஓடும் ஷீட்டும் ஆள் கனம் தாங்காது. பழகிய ஆளை அழையுங்கள். அவரும் கூரைச் சட்டத்தின்மேல் பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். ஏணியைப் பிடிக்கக் கீழே ஒருவர் நிற்க வேண்டும்.