பரோ கவுன்சில்: சொல்லும் பொருளும் தமிழ் நிகரும்

இங்கிலாந்தின் உள்ளாட்சி அமைப்புகளில் ஒன்று பரோ கவுன்சில் (borough council). அதில் வரும் borough என்ற சொல்லைத் தமிழில் ‘பரோ’ என்று எழுதுகிறோம். இங்கிலாந்துக்காரர் வாயில் அது ‘பரா’தான், கடைசி அசையை ‘ரோ’ என்று நீட்டுவது அமெரிக்க வழக்கம். எழுத்தில் பரோ நிலைத்துவிட்டதால் இங்கும் அப்படியே வைத்துக்கொள்கிறோம்.

பழைய ஆங்கிலத்தில் ‘பர்ஹ்’ என்றால் அரண் சூழ்ந்த ஊர். காத்தல் என்ற பொருள் தரும் வினையோடு உறவுள்ள சொல் அது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரட், டேனியப் படைகளைத் தடுக்க இப்படிப்பட்ட அரணூர்களை நாடெங்கும் எழுப்பினார். கேன்டர்பரி, பீட்டர்பரோ போன்ற பெயர்களின் ஈற்றில் இருப்பது அந்தச் சொல்லே. ஒலி ஒத்திருக்கிறதே என்று ‘புரம்’ என்பதோடு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. அது தவறு, புரம் வடமொழிச் சொல், அதன் வேர் வேறு. பொருளால் பழந்தமிழில் நெருங்கி நிற்பது, மதில் சூழ்ந்த அரணைக் குறிக்கும் ‘எயில்’.

அரணூரில் சந்தை கூடியது, சந்தையால் வணிகர் பெருகினர். தனியாகச் சந்தை நடத்தவும், வழக்கு விசாரிக்கவும், தீர்வை வாங்கவும் உரிமை தரும் பட்டயங்களை அரசர்கள் வழங்கினர். நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் உரிமையும் பரோக்களுக்கு வந்தது. குடியே இல்லாமல் போன ஓல்ட் சாரம் மேடுகூட 1832 சீர்திருத்தம் வரை இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. 1835ஆம் ஆண்டு நகராட்சிக் கழகச் சட்டம் 178 பரோக்களில், வரி செலுத்துவோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலைக் கொண்டுவந்தது. அப்போது பரோ என்றால் உண்மையான அதிகாரம் உள்ள நகர ஆட்சி.

1974 ஏப்ரல் 1 அன்று அந்தப் பொருள் அடியோடு மாறியது. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் பழைய பரோக்களைக் கலைத்து மாவட்டக் கவுன்சில்களை அமைத்தது. அன்றிலிருந்து, இலண்டனுக்கு வெளியே, பரோ என்பது ஒரு தகுதிப் பெயர் மட்டுமே. அதற்கென்றே கூட்டப்பட்ட கூட்டத்தில் வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால், மாவட்டக் கவுன்சில் அரச பட்டயம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் பெயர்ப்பலகையில் ‘பரோ கவுன்சில்’ என்று வரும், அவைத்தலைவர் மேயர் ஆவார். அதிகாரம் ஒரு துளியும் கூடாது. கிங்ஸ் லின் – மேற்கு நார்ஃபோக் பரோ 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. பெரும்பாலும் வயலும் சிற்றூர்களும்தான். அதை ‘நகராட்சி’ என்று மொழிபெயர்த்தால் வாசகர் மனத்தில் வேறொரு ஊர் எழும்.

இலண்டன் கதை வேறு. 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி 1965 ஏப்ரல் 1 முதல் அங்கே 32 பரோக்கள் இயங்குகின்றன. தமிழர் பலருக்குத் தெரிந்த ஈஸ்ட் ஹாம், அன்று வெஸ்ட் ஹாமுடன் இணைந்து நியூஹாம் பரோவானது. நியூஹாம் பள்ளிக்கல்வி, முதியோர் பராமரிப்பு, நூலகம், குப்பை, வீட்டுவசதி எல்லாவற்றையும் பார்க்கிறது. போக்குவரத்து, காவல், தீயணைப்பு ஆகியவை இலண்டன் பெருநகர அமைப்பின் பொறுப்பு. இலண்டனுக்கு வெளியே சர்ரேயில் உள்ள வோக்கிங்கும் பரோ கவுன்சில்தான். ஆனால் அங்கே பள்ளியும் சாலையும் நூலகமும், பல மாவட்டங்களுக்கு மேலடுக்காக இருக்கும் கவுண்டி கவுன்சிலிடம். குப்பையை அள்ளுவது பரோ, அள்ளியதை அழிப்பது கவுண்டி. கவுன்சில் வரியை வசூலிப்பது பரோ. அதில் பெரும்பங்கு போவது கவுண்டிக்கு. சாலைக் குழிக்காகப் பரோ அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இந்த வேறுபாட்டில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பரோ பல வார்டுகளாகப் பிரிக்கப்படும். பெரும்பாலும் ஒரு வார்டுக்கு 1 முதல் 3 கவுன்சிலர்கள். மூன்று இடமுள்ள வார்டில் வாக்குச்சீட்டில் மூன்று பெருக்கல் குறி போடலாம். ஒன்றோடு நிறுத்தினாலும் சீட்டு செல்லும். நான்கு போட்டால் செல்லாது. பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசைப்படி இருப்பதால், ஒரே கட்சியின் மூவரில் கீழே இருப்பவர் சற்றுக் குறைவாக வாக்கு வாங்குவதுண்டு. அதிக வாக்கு பெற்ற மூவர் வெற்றி. விகிதாசாரம் கிடையாது, அதனால் 2018இல் நியூஹாமின் 60 இடங்களையும் தொழிற்கட்சி ஒன்றே அள்ளியது. இலண்டனில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை முழு அவைக்கும் தேர்தல். வெளியே சில கவுன்சில்களில் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்குக்குத் தேர்தல் நடந்து, நான்காம் ஆண்டு ஓய்வாக விடப்படும்.

‘மேயர்’ என்ற சொல்லில்தான் நம் செய்திகள் அதிகம் தடுக்கி விழுகின்றன. பெரும்பாலான பரோக்களில் மேயர் ஓர் ஆண்டுக்கு அவையை நடத்துபவர், விழாக்களில் முதற்குடிமகன். ஆள்பவர் ‘லீடர்’; பெரும்பான்மைக் கட்சியின் தலைவரை அவை தேர்ந்தெடுக்கும். அவரோடு சேர்த்து 10 பேருக்கு மிகாத செயற்குழு, அதாவது கேபினட், அன்றாட முடிவுகளை எடுக்கும். நியூஹாமில் 2002 முதல் மக்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே மேயர்தான் ஆள்பவர். ஆகவே ‘இலண்டனில் தமிழர் மேயரானார்’ என்று எழுதும் முன் எந்த வகை மேயர் என்று பார்த்துவிட வேண்டும்.

வரவு செலவுத் திட்டத்தையும் வரி விகிதத்தையும் முழு அவைதான் நிறைவேற்ற வேண்டும். கட்டட அனுமதி, உரிமம் வழங்கல் இரண்டையும் கேபினட் தொட முடியாது; தனிக் குழுக்கள் பார்க்கும். அங்கே ஒருவர் முன்பே முடிவு கட்டிவிட்டு வந்து வாக்களித்தது தெரிந்தால் நீதிமன்றம் தீர்மானத்தையே ரத்து செய்யலாம். 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி குழுக்களின் இடங்களைக் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பிரிக்க வேண்டும். கேபினட்டுக்கு அந்த விதி இல்லை. கேபினட்டைக் கேள்வி கேட்க ஆய்வுக் குழு உண்டு. எல்லா இடமும் ஒரே கட்சியிடம் என்றால் கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே அணி. இந்த அமைப்பின் பெரிய பலவீனம் இதுதான்.

அதிகாரிகளில் நிதி அதிகாரிக்குத் தனி அதிகாரம் உண்டு. செலவுக்கு வரவு ஈடுகொடுக்காது என்று கண்டால், சட்டத்தின் 114ஆம் பிரிவுப்படி ‘114 அறிவிப்பு’ விடுவது அவர் கடமை. விட்ட 21 நாளுக்குள் அவை கூட வேண்டும். அதுவரை புதுச் செலவுக்கு ஒப்பந்தம் போடக் கூடாது. கடன் வாங்கி நகர மையத்தில் கோபுரங்களும் ஹோட்டலும் கட்டிய வோக்கிங் 2023 ஜூனில் இதைச் சந்தித்தது. ஆண்டுக்கு 1.6 கோடி பவுண்டு கையிருந்த கவுன்சிலில் பற்றாக்குறை 120 கோடி பவுண்டு என மதிப்பிடப்பட்டது.

தமிழில் என்ன சொல்லலாம்? நகராட்சி, மாநகராட்சி என்பவை தமிழ்நாட்டில் சட்ட வரையறை உள்ள சொற்கள். நகர சபை, மாநகர சபை இலங்கையில் அப்படியே. இவற்றில் எதுவும் பொருந்தாது. பரோவைப் பரோ ஆக்குவது பட்டயம். செப்புப் பட்டயம் நமக்குப் பழக்கம். பட்டயக் கணக்கர் என்றும் சொல்கிறோம். எனவே பரோவுக்குப் ‘பட்டயவூர்’, பரோ கவுன்சிலுக்குப் ‘பட்டயவூர் அவை’ என்பதே எங்கள் பரிந்துரை. ஊர் என்பது வயல்வெளியையும் நகரத்தையும் ஒருங்கே தாங்கும். முகவரி, விண்ணப்பம், வரி அறிவிப்பு ஆகியவற்றில் மட்டும் ‘பரோ கவுன்சில்’ என்றே விடுவது நல்லது. படிவத்தில் தேட வேண்டிய பெயர் அதுதான்.

2024 டிசம்பர் வெள்ளை அறிக்கையில் அரசு, கவுண்டி – மாவட்டம் என்ற இரண்டடுக்கு முறையை ஒழிக்கும் திட்டத்தை முன்வைத்தது. அதன்படி வோக்கிங் போன்ற பரோ கவுன்சில்கள் மறையும். ஆனாலும் பட்டயப் பெருமை தப்பிப் பிழைக்க வழி இருக்கிறது: 1996இல் பாத் நகரின் கவுன்சில் கலைக்கப்பட்டது முதல், ‘பட்டயக் காப்பாளர்’ என்ற குழு மேயர் பதவியைத் தொடர்ந்து காத்துவருகிறது.

இங்கிலாந்தில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம்; மாணவர் விசாவில் இருக்கும் இந்தியரும் இலங்கையரும் இதில் அடக்கம். வாக்காளர் பதிவை இணையத்திலேயே செய்யலாம். 2023 மே முதல் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்கிறார்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு செல்லும், முகம் அடையாளம் தெரிந்தால் காலாவதியானதும் செல்லும்.