மாவுச்சத்தை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு

என் ஆலோசனை அறைக்கு வருகிறவர்களில் பலர் இப்போதெல்லாம் அறிவுரை கேட்டு வருவதில்லை. தாங்களே எடுத்துவிட்ட ஒரு முடிவுக்கு ஒப்புதல் கேட்டு வருகிறார்கள். சென்ற ஆண்டு வந்த ஒருவர், மாவுச்சத்தை, அதாவது கார்போஹைட்ரேட்டை, அடியோடு நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது, நான்கு கிலோ குறைந்துவிட்டேன், இதையே தொடரலாம் அல்லவா என்று கேட்டார். ஐம்பதைக் கடந்தவர், பத்தாண்டுகளாக நீரிழிவு உள்ளவர். எடை இறங்கிய மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. உடன் வந்திருந்த மனைவிதான், விடியற்காலையில் இவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்குகிறது, இரண்டு நாள் பேச்சுகூடக் குழறியது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையை அவர் பழைய அளவிலேயே உட்கொண்டு வந்திருந்தார். அவருடைய பழைய உணவுக்கு ஏற்ப அளந்து கொடுக்கப்பட்ட மருந்து அது. உணவு மாறிவிட்டது, மருந்து மாறவில்லை. விடியலில் அவரை நடுங்க வைத்தது தாழ்சர்க்கரை, அதாவது இரத்தத்தில் சர்க்கரை அளவு மீறி இறங்கிவிடுவது. அவர் நம்பிப் பின்பற்றிய காணொளிகள் எதுவும், நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவரைக் கேட்கவில்லை.

மாவுச்சத்து நல்லதா கெட்டதா என்று ஓயாமல் நடக்கும் விவாதத்தைப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் கவலை இதுதான்: அந்த விவாதத்தில் உணவு இருக்கிறது, உண்பவர் இல்லை. யார் உண்கிறார், அவருக்கு என்ன நோய், என்ன மருந்து, எந்த வடிவில் எவ்வளவு உண்கிறார், எத்தனை காலம் அப்படி உண்ண அவரால் முடியும் என்பவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு சத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் பரவியிருக்கிறது.

இன்று எடைக் குறைப்பு முறையாகப் பேசப்படும் கீட்டோ உணவுக்கு ஒரு மருத்துவப் பின்னணி உண்டு. 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக அதை முன்வைத்தார். கொழுப்பே பெரும்பகுதியாகவும் மாவுச்சத்து மிகச் சொற்பமாகவும் அமைந்த அந்த உணவு, மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. இதற்கு நேர் எதிரான ஒன்றும் அதே நாட்டில் பிறந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் 1939 முதல் கடுமையான இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் அரிசிச் சோறு, பழம், சர்க்கரை இவற்றை மட்டுமே உணவாகக் கொடுத்தார். அதில் கிடைத்த ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வந்தது. பலருக்கு இரத்த அழுத்தம் இறங்கியது. ஒருவர் மாவுச்சத்தை ஏறத்தாழ முழுமையாக நீக்கினார், மற்றவர் ஏறத்தாழ அதை மட்டுமே கொடுத்தார். இருவரும் குறிப்பிட்ட நோயாளிகளுக்கு, குறிப்பிட்ட காரணத்துக்காக, மருத்துவக் கண்காணிப்போடு கொடுத்தார்கள். பின்னாளில் இரண்டுமே மருத்துவமனை வாசலைத் தாண்டி எடை குறைக்கும் முறைகளாக உருமாறியபோது, அந்தக் கண்காணிப்பு மட்டும் கூடவே வரவில்லை.

முதல் சில வாரங்களில் எடை சட்டென்று இறங்குவதை எல்லோரும் அந்த உணவுமுறையின் வெற்றி என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் உடல் குளுக்கோஸைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 300 முதல் 400 கிராம் வரை. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் பிணைந்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் இந்தச் சேமிப்பு செலவாகிறது, அதனோடு இருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. ஆகவே தொடக்கத்தில் இறங்கும் எடையில் பெரும்பங்கு கொழுப்பு அன்று, நீர். இதை அறியாதவர் ஒரு விருந்தில் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருப்பதைக் கண்டு மனம் உடைந்துபோகிறார். ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் வழக்கத்துக்கு மேல் பத்தாயிரம் கலோரிக்கும் அதிகமாக உண்டிருக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் நிம்மதியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாவுச்சத்தைக் குறைப்பதால் பயன் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் இரத்தத்திலுள்ள டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் அதனால் குறைகின்றன. தகுந்தவர்களுக்கு நானே அதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் எடை என்று வரும்போது, நீண்ட நாள் நடத்தப்பட்ட ஆய்வுகள் விவாதத்தின் சூட்டுக்கு ஈடுகொடுப்பதில்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் 811 பேர் கொழுப்பு, புரதம், மாவுச்சத்து ஆகியவற்றின் விகிதம் வேறுபட்ட நான்கு உணவுமுறைகளை இரண்டாண்டுகள் பின்பற்றினர். நான்கிலும் எடைக் குறைவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 2018-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டின் முடிவில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்திருந்தனர். புள்ளியியல்படி அது பொருட்படுத்தத் தக்க வேறுபாடு அன்று. கலந்துகொண்டவர்கள் 609 பேர். என் கவனத்தை அதிகம் கவர்ந்தவை அந்த ஆய்வின் வேறு இரண்டு செய்திகள். சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறையுங்கள், காய்கறிகளை நிறைய உண்ணுங்கள், இயன்றவரை வீட்டில் சமைத்த உணவையே உண்ணுங்கள் என்று இரு குழுவினருக்கும் ஒரே அறிவுரை சொல்லப்பட்டது. இரு குழுவிலுமே இருபது கிலோவுக்கு மேல் இழந்தவர்களும் இருந்தார்கள், எடை கூடிப்போனவர்களும் இருந்தார்கள். உணவுமுறைகளுக்கு இடையே இருந்த வேறுபாட்டைவிட மனிதர்களுக்கு இடையே இருந்த வேறுபாடு பன்மடங்கு பெரியது.

நீரிழிவைத் தணிக்க மாவுச்சத்தை ஒழிப்பது ஒன்றே வழி என்று நம்புகிறவர்களிடம் நான் பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வைப் பற்றிச் சொல்வதுண்டு. நீரிழிவு கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள் அதில் சேர்க்கப்பட்டனர். மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை ஒரு நாளைக்கு 825 முதல் 853 கலோரி மட்டுமே தரும் திரவ உணவு கொடுக்கப்பட்டது. ஓராண்டின் முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினர் மருந்தில்லாமலேயே நீரிழிவின் எல்லைக்குக் கீழே வந்திருந்தனர். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைந்தவர்களில் அது 86 விழுக்காடு. அந்தத் திரவ உணவின் ஆற்றலில் 59 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வந்தது. விகிதம் அப்படி இருந்தாலும் மொத்த உணவே மிகக் குறைவு என்பதால், கிராம் கணக்கில் பார்த்தால் மாவுச்சத்தும் குறைவுதான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இரு தரப்பினரும் இதைத் தமக்குச் சாதகமாகக் காட்டலாம். கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு கரைவதே அங்கே முக்கியமாக வேலை செய்தது. நான் இங்கு அடிக்கோடிட விரும்புவது வேறொன்று. அந்த ஆய்வில் உணவு மாறிய முதல் நாளே நீரிழிவு மருந்துகளும் இரத்த அழுத்த மருந்துகளும் மருத்துவர்களின் பொறுப்பில் நிறுத்தப்பட்டன. விடியற்காலையில் நடுங்கிய மனிதருக்குக் கிடைக்காமல் போனது இந்த ஏற்பாடுதான்.

மாவுச்சத்து என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத உணவுகளை அடைத்துவிடுகிறோம். பருப்பிலும் முழுத்தானியத்திலும் பழத்திலும் இருப்பது மாவுச்சத்து. இனிப்பூட்டிய குளிர்பானத்தில் இருப்பதும் அதுவே. 330 மில்லி அளவுள்ள ஒரு குளிர்பானக் குப்பியில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கும். நாள் முழுவதற்கும் சேர்த்து, உணவில் கூடுதலாகச் சேரும் சர்க்கரை 25 கிராம் அளவுக்குள் அடங்கினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. அதே நிறுவனம் 2023-இல், பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும், 25 கிராம் நார்ச்சத்தும் உண்ண வேண்டும் என்றும், மாவுச்சத்து முதன்மையாக முழுத்தானியம், காய்கறி, பழம், பருப்பு ஆகியவற்றிலிருந்தே வர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஒருபுறம் குறைக்கச் சொல்வதும் மறுபுறம் கூட்டச் சொல்வதும் முரண் அல்ல. பழத்தை மென்று உண்ணும்போது அதன் நாரும் செல்சுவரும் சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கின்றன, வயிறும் நிறைகிறது. அதே பழத்தைச் சாறாக்கி வடிகட்டினால் இரண்டு நிமிடத்தில் நான்கு பழங்களின் சர்க்கரையைக் குடித்துவிட முடியும். எடை குறைப்பதற்காகவே காலையும் மாலையும் பழச்சாறு அருந்தி எடை கூடி வந்தவர்கள் என்னிடம் பலர் உண்டு.

பதப்படுத்தும் முறையும் இங்கே கணக்கில் வரவேண்டும். 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவையும் இரண்டு வாரம் அவ்வாறு பதப்படுத்தப்படாத உணவையும் கொடுத்தனர். தட்டில் வைத்த உணவின் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் ஆகியவை இரண்டிலும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, விருப்பம்போல் உண்ணலாம் என்று விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்தபோது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள், எடையும் ஏறியது. சிறிய ஆய்வுதான், குறுகிய காலம்தான். ஆனாலும் பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்ட சத்து அட்டவணையை மட்டும் பார்த்து உணவை எடைபோடுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். மாவுச்சத்து இல்லை என்று விளம்பரப்படுத்தப்படும் பிஸ்கட்டும் பதப்படுத்திய பண்டமே.

மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டியவர்கள் இருக்கிறார்கள். இன்சுலின் போடுகிறவர்களும், நான் முதலில் சொன்ன வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தாழ்சர்க்கரைக்கு ஆளாகலாம். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் மறைவானது: இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் உடலில் பெருகக்கூடும், கருவியில் தெரியும் எண்ணைப் பார்த்து நலமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாந்தியும் மூச்சிரைப்பும் வந்துவிடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோயுள்ளவர்கள் ஆகியோரும் தாமாக இதில் இறங்கக் கூடாது. எடை மிக வேகமாகக் குறைந்தால் பித்தப்பையில் கல் உருவாக வாய்ப்பு அதிகம். சிலருக்குக் கொழுப்பு மிகுந்த உணவால் கெட்ட கொழுப்பான எல்டிஎல் வெகுவாக ஏறிவிடுவதால், தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறேன்.

வளரும் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய தாய் அழைத்து வந்திருந்தார். வீட்டில் பெரியவர்கள் எடை குறைப்பதற்காகப் பேசிக்கொண்ட நல்ல உணவு, கெட்ட உணவு என்ற பட்டியலை அவள் மனப்பாடம் செய்துவிட்டிருந்தாள். முதலில் இனிப்பை விட்டாள், பிறகு தானியத்தை, பிறகு பழத்தையும். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. உடலுக்குத் தேவையான ஆற்றல் கிடைக்காதபோது அது முதலில் ஒத்திவைக்கும் வேலைகளில் இனப்பெருக்கமும் ஒன்று. எலும்பு வலுப்பெற வேண்டிய வயதில் ஹார்மோன் குறைவது பிற்காலத்திலும் பாதிக்கும். அவளுக்கு என்னைவிட மனநல மருத்துவரின் உதவி அதிகம் தேவைப்பட்டது, அவரிடம் அனுப்பினேன். சாப்பாட்டு மேசையில் ஓர் உணவை நஞ்சு என்று சொல்லும்போது அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்பதைத் தயவுசெய்து பாருங்கள்.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதைத்தான். அந்த விடையிலிருந்துதான் தொடங்க முடியும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம் என்ற அளவைப் பெரும்பாலோருக்குச் சொல்கிறேன். இதிலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்வதில்லை, ஒரு வேளை உணவை மட்டும் எடுத்துக்கொண்டு மாற்றச் சொல்கிறேன். அடுத்த ஆண்டு இதே மாதத்தில் இப்படி உண்டுகொண்டிருப்பீர்களா என்று கேட்பேன். இல்லை என்று பதில் வந்தால் திட்டத்தை இன்னும் எளிதாக்குவோம்.

முதலில் சொன்ன மனிதருக்கு, அவருடைய மருத்துவரோடு அன்றே தொலைபேசியில் பேசி மாத்திரையின் அளவைக் குறைத்தோம். பருப்பும் கொஞ்சம் முழுத்தானியமும் உணவில் மீண்டும் சேர்ந்தன. இரண்டு வாரத்தில் ஒன்றரைக் கிலோ ஏறியது. வருந்தினார், அது தண்ணீர் என்று விளக்கினேன், அரைமனதோடு ஏற்றுக்கொண்டார். ஓராண்டில் மெல்ல மெல்ல ஆறு கிலோ குறைந்திருக்கிறார், இன்னும் குறைய வேண்டும், சில மாதங்களில் சற்று ஏறவும் செய்கிறது. சென்ற முறை வந்தபோது அவருடைய மனைவி, இப்போது விடியற்காலையில் எழுந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை என்றார்.