எம்.எல்.ஏ. பதவி பறிபோனால்: இடைத்தேர்தலுக்கு வாக்காளர் எப்போது தயாராக வேண்டும்?

தொகுதி காலி என்று அரசிதழில் அறிவிப்பு வந்த அன்றைக்கே வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தேர்தல் தேதி வரட்டும் என்று காத்திருந்து ஓட்டை இழப்பவர்கள் ஒவ்வொரு இடைத்தேர்தலிலும் இருக்கிறார்கள்.

முதலில், பதவி எப்படிப் போனது என்று பாருங்கள். இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை என்றால், தீர்ப்பு வந்த நாளிலேயே தகுதி போய்விடும். விடுதலையான பிறகும் ஆறு ஆண்டுகள் நிற்க முடியாது. மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடரும் வசதியை 2013-ல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். தண்டனையை நிறுத்தி வைத்தால் சிறைக்குப் போக வேண்டியதில்லை, அவ்வளவுதான், பதவி திரும்பாது. 'குற்றவாளி' என்ற தீர்ப்புக்கே தடை கிடைத்தால்தான் திரும்பும். ஓசூரில் எம்.எல்.ஏ.வாக இருந்த பாலகிருஷ்ண ரெட்டிக்கு அந்தத் தடை கிடைக்கவில்லை. 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது. திருக்கோவிலூரில் பொன்முடிக்கு 2024 மார்ச்சில் கிடைத்தது, இடைத்தேர்தலே தேவைப்படவில்லை.

கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்வது வேறு கணக்கு. 2017 செப்டம்பர் 18-ல் 18 எம்.எல்.ஏ.க்கள் நீக்கப்பட்டார்கள். ஆண்டிபட்டி, பெரியகுளம், நிலக்கோட்டை என நம் மதுரைக்குப் பக்கத்துத் தொகுதிகளும் அதில் உண்டு. வழக்கு இழுத்து, 2019 ஏப்ரல் 18-ல்தான் அங்கே ஓட்டுப் போட்டார்கள். பத்தொன்பது மாதம் அந்த மக்களுக்காகச் சட்டமன்றத்தில் பேச ஆளில்லை.

காலியான ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் இந்தக் கட்டாயம் இல்லை. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தாலும் தேர்தல் தள்ளிப்போகலாம். திருப்பரங்குன்றத்தில் எம்.எல்.ஏ. ஏ.கே.போஸ் இறந்தது 2018 ஆகஸ்ட்டில். அவருடைய 2016 வெற்றியை எதிர்த்த வழக்கு முடியாததால், 2019 ஏப்ரல் பட்டியலில் அந்தத் தொகுதி சேரவில்லை. மார்ச்சில் தீர்ப்பு வந்த பிறகே மே 19-ல் வாக்குப்பதிவு நடந்தது. அதனால் ஆறு மாதக் கணக்கை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வழக்கு நிலவரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி வாக்காளர் பட்டியல். தேர்தல் அறிவிக்கை வந்த ஏழாம் நாள் வேட்புமனுத் தாக்கல் முடியும். மறுநாள் பரிசீலனை, அதற்கு இரண்டு நாள் கழித்து வாபஸ் கெடு, அதன்பின் குறைந்தது 14 நாள் கழித்து வாக்குப்பதிவு. மனுத்தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் அப்படியே நின்றுவிடும். புது விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் விட வேண்டும் என்பதால், கடைசி வாரத்தில் கொடுத்த படிவம் அந்தத் தேர்தலுக்கு உதவாது. முதன்முறை சேர்பவருக்குப் படிவம் 6. விளாங்குடியிலிருந்து திருநகருக்கு வீடு மாறியவருக்குப் படிவம் 8. மாறியவரும் 6-ஐக் கொடுத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அதனால் இரண்டு இடத்தில் பெயர் ஏறிவிடும். தெரிந்தே பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் அது குற்றமும் ஆகும்.

நடத்தை விதிமுறை எதுவரை செல்லும் என்பது வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இடைத்தேர்தல் என்றால் மாவட்டம் முழுக்க விதிமுறை உண்டு. மதுரை மத்தி போல மாநகராட்சிக்குள் இருக்கும் தொகுதி என்றால் அந்தத் தொகுதிக்குள் மட்டும்தான். நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றி வந்து மாட்டுத்தாவணியில் விற்றுவிட்டு 80,000 ரூபாயோடு திரும்புகிறவரைப் பறக்கும் படை நிறுத்தும். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் கணக்குக் கேட்பார்கள். கமிஷன் கடைச் சிட்டை, வங்கியில் எடுத்திருந்தால் அதற்கான சீட்டு, அடையாள அட்டை இவை மூன்றும் பணப்பையிலேயே இருக்கட்டும். பணத்தை எடுத்துக்கொண்டால் பறிமுதல் ரசீது வாங்காமல் நகரக் கூடாது. யாரிடம் முறையிட வேண்டும் என்று அதிலேயே எழுதித் தர வேண்டும். மாவட்டக் குழு ஆவணங்களைப் பார்த்துப் பணத்தை விடுவிக்கும். சிட்டை இல்லாமல் வாய்மொழியில் நடக்கும் வியாபாரம்தான் இங்கே மாட்டிக்கொள்கிறது, பாவம்.

2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு நம் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேர் மீதும் விழுந்த அந்தப் பழி நியாயமே இல்லை. ஆனால் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ அந்த இடத்திலேயே எடுத்து அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த பழைய படத்தை அது ஏற்காது. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது இலக்கு.

வாக்குப்பதிவு நாளில் பூத் சிலிப்பை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது. அடையாள அட்டை வேண்டும். உங்கள் பெயரில் யாரோ முன்பே ஓட்டுப் போட்டுவிட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். தேர்தல் நடத்தும் விதிகளில் 49P-யின்படி காகித வாக்குச்சீட்டு கேளுங்கள். நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று தலைமை அலுவலருக்குத் தெளிவானால் சீட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். இப்படி ஓட்டுப் போட்டவர்களுக்கான 17பி (17B) பட்டியலில் உங்கள் கையெழுத்தும் விழும். அந்தச் சீட்டு எண்ணிக்கையில் சேராது. ஆனால் முடிவு வந்த 45 நாளுக்குள் யாராவது தேர்தல் வழக்குப் போட்டால், கள்ள ஓட்டுக்கு நீதிமன்றம் பார்க்கும் எழுத்து ஆதாரம் அதுதான்.