கால்வாய்க் கரையில் பிள்ளை வண்டி

போன ஆடி மாதம் சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் நாலரை மாத ஆண் குழந்தையோடு என் சிகிச்சை அறைக்கு வந்தார். கூடவே மாமியார். மாமியாரின் கக்கத்தில், குடையைப் போல மடித்த ஒரு தள்ளுவண்டி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் தகப்பன் ஆசையாக வாங்கி அனுப்பியதாம். தினமும் சாயங்காலம் கன்னடியன் கால்வாய்க் கரையில் பிள்ளையை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி இவன் தலை ஆடுகிறது, மேடம். கழுத்து நரம்பில் ஏதாவது கோளாறு இருக்குமோ?"

"ஒக்கலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போ என்று அன்றைக்கே சொன்னேன், டாக்டரம்மா. கேட்டால்தானே?" என்றார் மாமியார். (நான் குழந்தைகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். டாக்டரம்மா என்று கூப்பிட வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.)

பிள்ளையைப் பாயில் குப்புறப் போட்டேன். முழங்கைகளை ஊன்றித் தலையை நன்றாக நிமிர்த்திக் கிலுகிலுப்பைச் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். அந்த வயதுக்கு இருக்க வேண்டிய கழுத்துதான். பிறகு வண்டியை விரித்துப் பார்த்தேன். என் உள்ளங்கைக்குள் அடங்கும் கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரங்கள். ஸ்பிரிங் என்று எதுவும் இல்லை. இருக்கை வெறும் தொங்கு துணி. கரையில் கிடக்கும் ஒவ்வொரு சரளைக் கல்லும் நேராகப் பிள்ளையின் பிடரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்த வண்டியையும் குறை சொல்ல முடியாது. குடை போல மடியும் வண்டியை 1965-ல் வடிவமைத்த ஓவன் மக்லாரன் ஒரு விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரத் தாங்கியில் வேலை செய்தவர். எடை குறைவாக, ஒரே மடிப்பில் சுருங்க வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. விமான நிலையத்துக்கும் வழவழப்பான நடைபாதைக்கும் அது அருமையான வண்டி. கரடுமுரடான வழிக்கான மூன்று சக்கர வண்டி வேறு குடும்பம். 1980-களில் அமெரிக்காவில் ஃபில் பேக்லர் என்பவர், ஓடப் போகும்போது மகனையும் கூட்டிப் போவதற்காக வண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பூட்டினார். அந்த வழியில் வந்தவைதான் இன்று கடைகளில் 'ஆல் டெரெய்ன்' என்று விற்கிறவை.

ஒரு பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன். வண்டிக் குலுக்கலில் மூளை கலங்கிவிடுமா என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். குழந்தையைக் கையில் பிடித்து மூர்க்கமாக உலுக்குவதால் வரும் காயம் வேறு. வண்டி மேடுபள்ளத்தில் போகும் ஆட்டம் வேறு. நான் கவலைப்படுவது இன்னொன்றுக்கு. கழுத்து உறுதிப்படாத பிள்ளையைச் சாய்வாக உட்கார வைத்துக் குலுக்கினால், தூங்கியதும் தலை முன்னால் தொங்கி மோவாய் நெஞ்சில் படியும். மூச்சுக்குழல் மடங்கும். சத்தம் வராது, அழுகை வராது. 'அசந்து தூங்குகிறான்' என்று நாம் தள்ளிக்கொண்டே போவோம். ஆகவே முதல் மாதங்களில் முழுக்க மட்டமாகப் படுக்க வைக்கும் வண்டியாக இருக்க வேண்டும். அதுவும் நல்ல சாலையில்தான். கரடுமுரடான வழிக்குப் பிள்ளை தரையில் பிடிமானமில்லாமல் உட்கார்ந்து, பக்கத்தில் கிடக்கும் பொம்மையைச் சாயாமல் எட்டி எடுக்கும் வரை பொறுங்கள். பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு மாதத்துக்குள் அது வந்துவிடும். குறைமாதப் பிள்ளையென்றால், பிறக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிடுங்கள். வண்டியோடு ஓடுவது என்றால் நான் எட்டு மாதத்துக்கு முன் சம்மதிப்பதில்லை.

அடுத்து மண். திருநெல்வேலிச் சீமையில் ஒரே மண்ணா இருக்கிறது? தாமிரபரணிக் கரையோரம் சரளும் வண்டித்தடமும். வடக்கே போகப்போகக் கரிசல். திசையன்விளை, இட்டமொழிப் பக்கம் செந்தேரி என்னும் சிவந்த மணல்காடு. சரளிலும் தடத்திலும் சக்கரத்தின் விட்டம்தான் எல்லாம். சின்னச் சக்கரம் கல்லில் முட்டி நின்றுவிடும்; 12 அங்குலத்துக்குக் குறையாத பின்சக்கரம் ஏறி இறங்கிப் போய்விடும். தேரியில் எந்தச் சக்கரமும் புதையும், அகலமான டயர் கொஞ்சம் குறைவாகப் புதையும். அங்கே தள்ளாமல், திரும்பி நின்று இழுத்துப் பாருங்கள். பாதிப் பாடு குறையும். ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசலில் வண்டியே வேண்டாம். டயருக்கும் அதைத் தாங்கும் கவைக்கும் இடையில் களிமண் அப்பி, நாலு எட்டுக்குள் சக்கரம் உருளுவதை நிறுத்திவிடும்.

முன்சக்கரத்தைப் பற்றிக் கடைக்காரர் பெருமையாகச் சொல்வது, 360 டிகிரி சுழலும் என்பது. கடையின் டைல்ஸ் தரையில் அது சொகுசுதான். கல் பாதையில் அதே சுழற்சி வெடவெடவென்று நடுங்கும். ஒரு கல்லில் இடறிக் குறுக்கே திரும்பினால் வண்டி குப்புறக் கவிழும். சக்கரத்தை நேராக நிறுத்திப் பூட்ட ஒரு கொக்கியோ குமிழோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கரடுமுரடான வழிக்கான வண்டி இல்லை, பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

கடைக்குப் போகும்போது பத்து கிலோ அரிசிப் பை ஒன்றை எடுத்துப் போகச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். ஒரு வயதுப் பிள்ளையின் எடை கிட்டத்தட்ட அதுதான். காலி வண்டி எல்லாமே லேசாகத்தான் ஓடும். பையை இருக்கையில் வைத்து வாரைப் போட்டு, கைப்பிடியை ஒரு கையால் அமுக்கிக் கடை வாசற்படியில் முன்சக்கரத்தை ஏற்றுங்கள். மணிக்கட்டு வலித்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள். பிறகு வழக்கமான வேகத்தில் இருபது எட்டு எடுத்து வைத்து நடங்கள். உயரமான தகப்பன்மார்களுக்குக் கணுக்கால் பின் அச்சில் இடிக்கும். கைப்பிடி தொப்புள் உயரத்துக்கு வர வேண்டும். இருபுறத் தோள், இருபுற இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து முனையில் பூட்டும் வார் கட்டாயம். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 1888, அல்லது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 833 என்று குறித்திருந்தால் நல்லது. கடைசியாக, மடித்துத் தூக்கிப் பாருங்கள். இந்த வகை வண்டிகள் பத்து கிலோவுக்கு முன்பின் இருக்கும். பாபநாசம் பஸ்ஸில் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் இதுவுமாக ஏறிவிடலாம் என்று கனவு காண வேண்டாம்.

காற்றடைத்த டயரா, நுரை நிரப்பிய டயரா என்ற கேள்விக்கு உடைமரம்தான் பதில் சொல்ல வேண்டும். காற்று டயர் அதிர்ச்சியை நன்றாக வாங்கிக்கொள்ளும். ஆற்றங்கரை ஊர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்தில் உடைமுள்ளும் வேலிக்காத்தான் முள்ளும் இல்லாத பாதை எங்கே இருக்கிறது? அங்கே நுரை டயர், அல்லது டியூபுக்குள் ஓட்டையை அடைக்கும் பசை ஊற்றிய காற்று டயர். இன்னொரு சின்ன விஷயம்: பல வண்டிகளில் இருப்பது மோட்டார் சைக்கிள் வால்வு. நம் ஊர்ச் சைக்கிள் பம்பை எடுத்து வைத்து, 'காற்றே ஏறவில்லை, வண்டியே கோளாறு' என்று திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பைக் டயருக்குக் காற்றடிக்கும் பஞ்சர் கடையில் ஒரு நிமிட வேலை. எவ்வளவு காற்று என்பது டயரின் ஓரத்திலேயே இருக்கும். கல்லுப் போல அடைத்தால் காற்று டயர் வாங்கியதன் பலனே போய்விடும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பணகுடி, வள்ளியூர்க்காரர்களுக்குப் பழமொழி இல்லை, வானிலை அறிக்கை. காற்றாலைகள் சும்மாவா அங்கே நிற்கின்றன? விரித்த கூரையுள்ள வண்டி பாய்மரம் மாதிரி. கைபேசியை எடுக்கக் கையை விட்ட நேரத்தில் வண்டி கண்மாய்ச் சரிவில் உருண்டுபோகப் பார்த்த கதையை ஒரு தகப்பன் என்னிடம் சொன்னபோதும் அவருக்குக் கை நடுங்கியது. நின்றால் காலால் பிரேக்கை மிதிக்க வேண்டும். நடந்தால் மணிக்கட்டு வாரை மாட்டிக்கொள்ள வேண்டும். கைப்பிடியில் பை தொங்கவிடுவதும் ஆபத்து; பிள்ளையைத் தூக்கிய மறுநொடி வண்டி மல்லாக்க விழும். பாபநாசத்தில் அந்தப் பையைத் தேடி மனிதர் வராவிட்டாலும் குரங்கு வரும்.

வெயிலுக்குப் பயந்து வண்டியின் மேல் துண்டைப் போட்டு மூடுகிறார்கள். பார்க்க நிழலாக இருக்கும். உள்ளே காற்றோட்டம் நின்று வெக்கை ஏறிக்கொண்டே போகும், பிள்ளையின் முகமும் நமக்குத் தெரியாது. கூரையை மட்டும் விரியுங்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்து நசநசவென்றிருந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கு மேல் வண்டி வெளியே போக வேண்டாம்.

சக்கரம் போகாத இடங்களும் உண்டு. இவ்வகை வண்டிக்குச் சுமார் இரண்டடி அகலம் தேவை. வயல் வரப்பு அதற்கு இடம் தராது. அகஸ்தியர் அருவிப் படிகளுக்கும் இது ஆகாது. அங்கெல்லாம் அந்த மாமியார் சொன்னதுதான் சரி. ஒக்கலில் வைக்கும்போது பிள்ளையின் தொடைகள் விரிந்து நம் இடுப்பைக் கவ்வியிருக்கும். வளரும் இடுப்பு மூட்டின் பந்து அதன் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தி உட்கார அதைவிட நல்ல நிலை இல்லை. இதை நான் சொன்னதும் அவர் மருமகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

தை மாதம் மறுபடி வந்தார்கள். பழைய வண்டி ஒன்றைத் தெரிந்தவர்களிடம் வாங்கியிருந்தார்கள், மூன்று சக்கரம், காற்று டயர். பின்டயரில் ஒட்டுப் போட்டிருந்தது. முன்சக்கரம் ஒழுங்காகப் பூட்டியிருந்தது. வாசலில் பிரேக்கை மிதித்து நிறுத்தியது மாமியார்தான். இருக்கையில் ஐந்து முனை வாரும் போட்டு, நாலு கட்டு கீரையும் ஒரு வாழைத்தாரும் உட்கார்ந்திருந்தன. பிள்ளை அவருடைய ஒக்கலில் இருந்தான்.