கிளாஸ்: இனக்குழுவா, வகையா?

பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள் சி பிளஸ் பிளஸ் பாடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "சித்தி, இனக்குழுன்னா பழங்குடி மக்கள்தானே? அவங்க எப்படி இதுக்குள்ள வந்தாங்க?" அவள் கேட்டதில் தப்பே இல்லை. நாளிதழிலும் வரலாற்றுப் பாடத்திலும் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். அவள் பாடநூலோ, கணினி நிரல் எழுதும் மொழியான சி பிளஸ் பிளஸ்ஸில் வரும் 'கிளாஸ்' என்பதற்கு அதை வைத்திருக்கிறது.

கிளாஸ் என்பது லத்தீன் 'கிளாசிஸ்'. ரோமானியர் தம் குடிமக்களைச் சொத்து மதிப்பின்படி பிரித்த பிரிவுக்கு அந்தப் பெயர். நிரல்மொழியில் இன்றைய பொருளில் அதை நிலைநிறுத்தியது, நார்வேயின் ஆஸ்லோவில் தால், நிகார்டு என்ற இரு கணினி அறிஞர்கள் உருவாக்கிய சிமுலா 67 என்ற நிரல்மொழி.

சரி, தமிழில்? 'குழு' என்றாலே நமக்கு ஆட்கள் கூடி நிற்பதுதான் தோன்றும். கிளாஸ் அப்படிக் கூடி நிற்கும் கூட்டமில்லை. வங்கிக்கு நிரல் எழுதுகிறோம் என்று வையுங்கள். 'கணக்கு' என்றால் அதில் எண், இருப்பு இருக்கும். பணம் போடலாம், எடுக்கலாம் என்று முதலில் வரையறுக்கிறோம். அதுதான் கிளாஸ். ஒரு வாடிக்கையாளர்கூட இன்னும் வரவில்லை, ஆனாலும் கிளாஸ் முழுசாக இருக்கிறது. ஆளே சேராததைக் குழு என்று எப்படிச் சொல்வது? அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் என்றால் அதிலிருந்து நேரடியாக ஒரு பொருளைக்கூட உருவாக்க முடியாது. 'அருவ இனக்குழு' என்று அதை மொழிபெயர்த்துவிட்டு மாணவருக்கு எப்படித்தான் விளக்குவது?

'வகுப்பு' என்கிறவர்களும் உண்டு. வேர் சரிதான், 'வகு' என்பதிலிருந்து வந்தது. ஆனால் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டு வெகுகாலமாகிறது. 'அச்சு' அழகான சொல், வெல்ல அச்சில் வெல்லம் வார்ப்பது போல என்று விளக்கவும் வசதி. ஆனால் ஓர் அச்சு இன்னோர் அச்சின் குணங்களைப் பெறாது; ஒரு கிளாஸ் இன்னொன்றின் குணங்களைப் பெறும் மரபுரிமம் வந்ததும் உவமை நின்றுவிடுகிறது.

அதே 'வகு' தந்த 'வகை' இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? சேமிப்புக் கணக்கு ஒரு வகைக் கணக்கு, நடப்புக் கணக்கு இன்னொரு வகை. வங்கி வாசலில் யாரும் இப்படித்தான் பேசுவார்கள். இப்படி ஒரு கிளாஸிலிருந்து பிரியும் சப்கிளாஸ் 'உள்வகை' ஆகிவிடும். எண், எழுத்து என்று தரவைப் பிரிக்கும் டைப்புக்குத்தான் 'வகை' வேண்டும் என்பார்கள். அதற்குப் பாடநூலே 'தரவினம்' என்று வைத்திருக்கிறது. கலைச்சொல் ஆக்குகிறவர்கள் அகராதியைப் புரட்டும் நேரத்தில் பத்து வரி நிரல் எழுதிப் பார்த்திருந்தால் இது தானாகவே கைக்கு வந்திருக்கும்.

பென்சிலால் 'இனக்குழு'வை அடித்து 'வகை' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை நிறுத்தாமல் வாசித்தாள். தேர்வில் மட்டும் பழைய சொல்லையே எழுதச் சொல்லியிருக்கிறேன், மதிப்பெண் போய்விடுமே.