கோப்பு 2 ஜிபி, பட்டியலில் 11 கடிதம்

தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. "லோக்கல் ஃபோல்டர்ஸ்ல போட்டு வெச்ச பழைய மெயில் எதையும் காணோம், ஆனா அந்த ஃபோல்டர் மட்டும் 2 ஜிபி இருக்கு, என்ன பண்றது?" கேட்பவரின் பதற்றம் நியாயமானது. லோக்கல் ஃபோல்டர்ஸ் என்பது நம் கணினியின் வட்டில் மட்டும் இருக்கும் இடம். சர்வரில் இன்னொரு பிரதி பெரும்பாலும் இருக்காது. பத்து வருட வேலை, இறந்துபோனவர்கள் எழுதிய கடிதங்கள், வீட்டுக் கடன் தாள்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஆனால் அந்த 2 ஜிபி என்ற எண்ணே ஒரு நல்ல சேதி. கடிதங்கள் வட்டில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

வேறு எதையும் தொடும் முன் தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதன் ப்ரொஃபைல் ஃபோல்டர் (கடிதங்களும் அமைப்புகளும் இருக்கும் இடம்) முழுவதையும் வேறொரு வட்டில் நகல் எடுத்து வையுங்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், மூடும் முன் ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்தால் அங்கிருந்தே போகலாம். பழைய பென் டிரைவில் நகல் எடுப்பவர்கள் கவனிக்கவும்: அது ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை அது ஏற்காது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு நீளமான நோட்டில் வந்த கடிதங்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக தண்டர்பேர்டு ஒரு ஃபோல்டரை அப்படித்தான் வைத்திருக்கிறது. ஃபோல்டர் என்று நாம் பார்ப்பது உண்மையில் ஒரே ஒரு பெரிய உரைக் கோப்பு, அதற்கு எம்பாக்ஸ் என்று பெயர். தண்டர்பேர்டின் 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது என்றாலும் இந்த முறை அதைவிட மிகப் பழையது, யூனிக்ஸ் கணினிகளின் தொடக்க காலத்திலிருந்தே இருப்பது. ஒரு கடிதம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரே அடையாளம், 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரு இடைவெளியுமாகத் தொடங்கும் வரி.

நோட்டு பெரிதாகிவிட்டால் ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து புரட்ட முடியாது, அதனால் பக்கத்திலேயே ஒரு பொருளடக்கமும் இருக்கிறது. இன்பாக்ஸ் என்ற கோப்புக்கு அருகில் அதே பெயரோடு எம்எஸ்எஃப் என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று இருக்கும், அதுதான். யார் அனுப்பியது, என்ன தலைப்பு, எந்தத் தேதி, நோட்டில் எத்தனையாவது எழுத்திலிருந்து தொடங்குகிறது என்பதெல்லாம் அதில்தான். நாம் திரையில் பார்க்கும் பட்டியல் இந்தப் பொருளடக்கம் மட்டுமே. மின்சாரம் போய் கணினி பாதியில் நின்றாலோ, வட்டில் இடம் தீர்ந்தாலோ அது கெட்டுப்போகலாம். அப்போது கடிதம் நோட்டில் பத்திரமாக இருந்தும் பட்டியலில் வராது, அல்லது ஒரு தலைப்பைச் சொடுக்கினால் வேறு கடிதத்தின் நடுப்பகுதி திறக்கும்.

இதற்கு மருந்து எளிது. ஃபோல்டர் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், அதில் ரிப்பேர் ஃபோல்டர். பழைய பொருளடக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நோட்டை முதலிலிருந்து படித்துப் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும். பெரிய ஃபோல்டர் என்றால் சில நிமிடம் பிடிக்கும், நடுவில் மூடிவிடாதீர்கள்.

ஆனால் ரிப்பேர் வரை போகும் முன் பார்வையை, அதாவது பட்டியல் காட்டப்படும் விதத்தை, சரிபார்த்துவிடுங்கள், ஏனென்றால் பல நேரம் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். பட்டியலுக்கு மேலே உள்ள க்விக் ஃபில்டரில் 'அன்ரெட்' பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் படித்த கடிதங்கள் எல்லாம் மறைந்திருக்கும். பக்கத்திலுள்ள குண்டூசிப் படமும் அழுத்தப்பட்டிருந்தால் எந்த ஃபோல்டருக்குப் போனாலும் அதே வடிகட்டிதான். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பட்டியலில் இருக்கும்போது விசைப்பலகையில் 'கே' எழுத்தில் கை பட்டால் அந்த உரையாடல் முழுவதும் புறக்கணிக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டு பட்டியலிலிருந்து போய்விடும். வியூ மெனுவில் த்ரெட்ஸ் பகுதிக்குள் 'இக்னோர்ட் த்ரெட்ஸ்' என்பதைத் தேர்ந்தால் திரும்ப வரும். இப்படிக் காணாமல்போனவற்றை அழிந்துவிட்டதாகவே நினைத்து வருடக்கணக்கில் வருந்துகிறவர்கள் இருக்கலாம் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பார்வையும் சரி, ரிப்பேரும் ஆயிற்று, இன்னும் கடிதம் வரவில்லை, கோப்பின் அளவோ பெரிதாகவே இருக்கிறது என்றால்?

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஒரு கடிதத்தை நீங்கள் அழிக்கும்போது தண்டர்பேர்டு நோட்டிலிருந்து பக்கத்தைக் கிழிப்பதில்லை. கிழித்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் முன்னே நகர்த்தி எழுத வேண்டும், 2 ஜிபி கோப்பில் ஒவ்வொரு முறையும் அதைச் செய்ய முடியாது. அதனால் குப்பை ஃபோல்டருக்கு ஒரு நகல் போகும், மூலப் பிரதியின் தலையில் 'எக்ஸ்-மோசில்லா-ஸ்டேட்டஸ்' என்ற வரியில் ஒரு இலக்கம் மட்டும் மாறும். அந்த வரியில் நான்கு இலக்கம் உண்டு. கடைசி இலக்கத்தில் 1 என்றால் படித்தது, 2 என்றால் பதில் எழுதியது, 4 என்றால் நட்சத்திரம் இட்டது, 8 என்றால் அழித்தது. இவை கூடிக்கொள்ளும்: 0003 என்றால் படித்துப் பதிலும் எழுதியது, 0009 என்றால் படித்துவிட்டு அழித்தது. எப்போதும் நான்கு இலக்கம் என்பதால் அந்த இடத்திலேயே மேலெழுதிவிடலாம், கோப்பின் நீளம் மாறாது.

ரிப்பேர் இந்த 8-ஐ மதிக்கும், அழித்தது என்று எழுதியிருந்தால் பட்டியலில் சேர்க்காது. கடிதம் நோட்டில் முழுசாக இருக்கும், உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியாது. மீட்க வேண்டுமா? தண்டர்பேர்டு மூடியிருக்கும்போது, நகலெடுத்த பிறகு, பெரிய கோப்புகளைத் தாங்கும் டெக்ஸ்ட் எடிட்டரில் எம்பாக்ஸ் கோப்பைத் திறந்து, வேண்டிய கடிதத்தின் அந்த வரியில் 0009-ஐ 0001 ஆக்குங்கள், அல்லது 0008-ஐ 0000 ஆக்குங்கள். சேமித்துவிட்டு அந்த ஃபோல்டரின் எம்எஸ்எஃப் கோப்பை மட்டும் அழித்துத் திறந்தால் கடிதம் வந்துவிடும். எல்லா 0009-ஐயும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். வேறு ஃபோல்டருக்கு நகர்த்திய கடிதங்களின் பழைய பிரதிகளும் இதே குறியோடுதான் கிடக்கும், எல்லாம் இரட்டையாக எழுந்து வரும்.

இந்த மீட்பெல்லாம் 'காம்பாக்ட்' ஓடும்வரைதான். குறியிட்ட கடிதங்களை விட்டுவிட்டு மீதியைப் புதிய நோட்டில் படியெடுத்து, பழைய நோட்டை எறிவதுதான் காம்பாக்ட். கெட்ட செயல் இல்லை, அவ்வப்போது தேவையும்கூட, ஆனால் எதையாவது தேடிக்கொண்டிருக்கும் நாளில் "இடம் மிச்சமாகும், காம்பாக்ட் செய்யட்டுமா" என்று தண்டர்பேர்டு கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். புதிய நோட்டு எழுத வட்டில் இடம் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும், இடம் இல்லாமல் பாதியில் நின்றால் 'என்எஸ்டிஎம்பி' என்ற பெயரில் அரைகுறைக் கோப்பு ஒன்று ஃபோல்டர் வடிவில் எஞ்சி நிற்கும்.

கோப்பின் அளவே திடீரென்று சில கேபியாகச் சுருங்கியிருந்தால் கதை வேறு. ஒரே ஒரு இணைப்பில் வைரஸ் இருந்தாலும் சில ஆன்ட்டிவைரஸ் மென்பொருள்கள் நோட்டு முழுவதையும் தனிமைப்படுத்திவிடும், அவற்றின் குவாரன்டைன் பட்டியலில் தேடுங்கள். தேடலில் மட்டும் கடிதம் வராமல் ஃபோல்டரில் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அது தனி அட்டவணையின் பிரச்சினை, ப்ரொஃபைலில் உள்ள 'குளோபல்-மெசேஜஸ்-டிபி' கோப்பை அழித்தால் அப்புறம் அதுவே மெதுவாகக் கட்டிக்கொள்ளும்.

அபூர்வமாக இன்னொரு மறைவிடம். இரண்டு கடிதங்களுக்கு இடையிலுள்ள அந்த 'ஃப்ரம்' வரி கெட்டுப்போனால் இரண்டாவது கடிதம் முதல் கடிதத்தின் வாலாக ஒட்டிக்கொள்ளும், பட்டியலில் ஒன்றுதான் தெரியும். முந்தைய கடிதத்தைத் திறந்து கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தி, வரும் மூல உரையைக் கடைசிவரை உருட்டிப் பாருங்கள். நீங்கள் தேடுகிறவரின் முகவரி அங்கே கீழே இருந்தால், கோப்பில் அந்த இடத்துக்கு மேல் ஒரு வெற்று வரியும், அடுத்த கடிதத்திலிருந்து நகலெடுத்த ஒரு 'ஃப்ரம்' வரியும் சேர்த்து, மறுபடி ஒரு ரிப்பேர்.