சிட்காம்: சூழ்நிலையா, நிலைக்களமா?

தமிழ் சினிமாவில் பாட்டு போட உட்காரும்போது இசையமைப்பாளர் முதலில் கேட்பது, "சிச்சுவேஷன் என்ன?" என்பதுதான். நாயகி ஊரைவிட்டுப் போகிறாள், ரயில் நகர்கிறது, நாயகன் ஓடி வருகிறான் என்று இயக்குநர் சொல்ல ஆரம்பிப்பார். நம் காதில் 'சிச்சுவேஷன்' இப்படித்தான் பதிந்திருக்கிறது: கதையில் வந்து போகும் ஒரு தருணம். அதனால் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் வகை ஒன்றின் பெயரான 'சிட்காம்' என்பதைப் பிரித்து 'சிச்சுவேஷன் காமெடி' என்று சொன்னதும், ஏதோ ஒரு கட்டத்தில் தானாக வந்து விழும் சிரிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். 'சூழ்நிலை நகைச்சுவை' என்ற மொழிபெயர்ப்பும் அந்த நினைப்புக்கே எண்ணெய் ஊற்றுகிறது. ஆனால் சொல்லுக்குள் இருக்கும் பொருள் ஏறக்குறைய அதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது.

'சிச்சுவேஷன்' என்பதன் வேர் 'சிட்டுஸ்' என்ற லத்தீன் சொல். இடம், இருப்பு என்று பொருள். ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லின் பழைய பொருள் ஒன்று இருக்கும் இடம்தான். வீடு எங்கே அமைந்திருக்கிறது என்பதைச் சொல்லப் பயன்பட்டது. அப்புறம் ஒருவர் வகிக்கும் வேலைக்கும் அந்தப் பெயர் வந்தது. பிரிட்டிஷ் செய்தித்தாள்களில் வேலைவாய்ப்பு விளம்பரப் பகுதிக்கு 'சிச்சுவேஷன்ஸ் வேகன்ட்' என்றுதான் தலைப்புப் போடுவார்கள். ஆக, இருக்கும் இடம், பார்க்கும் வேலை. நகைச்சுவைத் தொடரில் வரும் 'சிச்சுவேஷன்' இந்த இரண்டுக்கும் பக்கத்து வீடு. 'காமெடி' கிரேக்கத்திலிருந்து வந்தது; களியாட்டப் பாட்டு என்பது அதன் மூலம். வானொலிக் காலத்தில் இரண்டும் சேர்ந்து ஒரு வகைப்பெயராயின. 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சி வட்டாரத்தில் அதைச் சுருக்கி 'சிட்காம்' ஆக்கினார்கள். பெயர் அமெரிக்காவில் ஒட்டினாலும் சரக்கு பிரிட்டனிலும் முன்பே இருந்தது. உலகின் முதல் தொலைக்காட்சி சிட்காம் என்று பலரும் சொல்லும் 'பின்ரைட்ஸ் ப்ராக்ரஸ்' 1946இல் பிபிசியில் வந்தது. நிகழும் இடம் ஒரு கடை.

இடம் என்பது இங்கே எவ்வளவு கனமானது என்று பார்க்க ஒரே ஒரு காட்சி போதும். 1962 ஜனவரியில் பிபிசியில் 'தி ஆஃபர்' என்றொரு அரைமணி நேர நாடகம் வந்தது. ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் என்ற இரட்டையர் எழுதியது. லண்டனில் ஒரு காயலான்கடை. கிழட்டு அப்பன், நாற்பதை நெருங்கும் மகன், ஒரு குதிரை. அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு மகன் ஹாரால்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். தன் சாமான்களை எல்லாம் வண்டியில் ஏற்றுகிறான். குதிரையைத் தர அப்பன் மறுக்கிறான். சரி, நானே இழுக்கிறேன் என்று ஏர்க்காலைப் பிடித்து இழுக்கிறான். வண்டி அசையவில்லை. மறுபடி இழுக்கிறான். அசையவில்லை. அங்கேயே உடைந்து அழுகிறான். அப்பன் மெல்ல வந்து உள்ளே கூட்டிப் போகிறான்.

சிரிக்க வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய காட்சி. அந்த அசையாத வண்டிதான் 'சிச்சுவேஷன்'. அதிலிருந்து பிறந்த 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடர், நடுவில் சில ஆண்டுகள் நின்றாலும், 1974 வரை வந்தது. ஒவ்வொரு வாரமும் ஹாரால்டு போகப் பார்ப்பான். ஒவ்வொரு வாரமும் போகமாட்டான்.

இங்கே 'தொடர்' என்ற நம் சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தொடர் என்றால் தொடர வேண்டும். நம் சீரியல்களில் நேற்று விழுந்த அறைக்கு இன்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பழைய சிட்காமில் அப்படியில்லை. முப்பது நிமிடம் முடிந்ததும் எல்லோரும் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். கதை தொடர்வதில்லை, நிலைமைதான் தொடர்கிறது. 'காமெடி சீரியல்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் இந்த வேறுபாடு காணாமல் போகிறது.

இந்தச் சரக்கை எடுத்துப் போய்ப் பெரிய திரையில் வைத்தால் என்ன ஆகும்? 1970களில் பிரிட்டிஷ் படத் தயாரிப்பாளர்கள் அதைத்தான் செய்தார்கள், கூட்டம் கூட்டமாக. அறுபதுகளில் அங்கே கொட்டிய அமெரிக்கப் பணம் வற்றிப்போயிருந்தது. குறைந்த செலவில், முன்பே ரசிகர் கூட்டம் உள்ள ஏதாவது வேண்டும். பிபிசியின் முதல் அலைவரிசைக்கும் அதன் தனியார் போட்டியாளரான ஐடிவிக்கும் வண்ணம் வந்ததே 1969 நவம்பரில்தான். பெரும்பாலான வீடுகளில் அப்போது கறுப்பு வெள்ளைப் பெட்டி. பிடித்த பாத்திரங்களை வண்ணத்தில், பெரிதாகப் பார்க்கலாம் என்றால் ஜனங்கள் காசு கொடுத்து வரத்தான் செய்வார்கள்.

டிராகுலா படங்களுக்குப் பேர்போன ஹேமர் நிறுவனம் 1971இல் 'ஆன் த பஸ்ஸஸ்' தொடரைப் படமாக்கியது. அந்த ஆண்டு பிரிட்டனில் வசூலை அள்ளிய படங்களில் அது ஒன்று. ரத்தம் குடித்த கோமகன் ஒரு பஸ் டிரைவரிடம் தோற்றார் என்று சொல்லலாம். 1972இலும் 1973இலும் அதற்கு அடுத்த பாகங்கள் வந்தன. (அந்த டிரைவராக நடித்த ரெக் வார்னிக்கு இன்னொரு பெருமை உண்டு. 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டில், உலகின் முதல் ஏடிஎம் என்று சொல்லப்படும் இயந்திரத்தில் பணம் எடுத்துத் தொடங்கிவைத்தவர் அவர்தான். இந்தச் சொல் விளக்கத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

தொண்ணூறு நிமிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? பலருக்கும் தோன்றிய ஒரே யோசனை: எல்லோரையும் சுற்றுலா அனுப்பு. 'ஹாலிடே ஆன் த பஸ்ஸஸ்' படத்தில் டிரைவரும் கண்டக்டரும் விடுமுறை முகாமுக்குப் போனார்கள். 1976இல் 'த லைக்லி லாட்ஸ்' கூட்டாளிகள் கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். 1977இல் 'ஆர் யூ பீயிங் சர்வ்ட்?' படத்தில் கிரேஸ் பிரதர்ஸ் துணிக்கடை ஊழியர்கள் மொத்தமாக ஸ்பெயினுக்குப் போனார்கள். கடைசியாகச் சொன்னதில் குறை பளிச்சென்று தெரியும். அந்தத் தொடரின் சிரிப்பு முழுவதும் கடைத்தளத்தின் படிநிலையில் இருந்தது: யார் யாரை எப்படி அழைக்கலாம், எந்தக் கவுன்டரில் யார் நிற்கலாம், மேற்பார்வையாளர் கேப்டன் பீகாக் புருவத்தை உயர்த்தினால் யார் நடுங்க வேண்டும். கடற்கரையில் கவுன்டர் ஏது? ஆட்கள் அதே ஆட்கள், வசனம் அதே வசனம், கீழே தரை மட்டும் இல்லை.

'டாட்ஸ் ஆர்மி' இதே தவற்றை ஊரைவிட்டு நகராமலே செய்தது. இரண்டாம் உலகப்போரில், ஜெர்மானியர் வந்தால் தடுப்பதற்காக இங்கிலாந்தின் கடலோரச் சிற்றூர் ஒன்றில் திரண்ட கிழட்டு ஊர்க்காவல் படையின் கதை. 1968இல் தொடங்கி 1977 வரை, 80 பகுதிகள். எதிரி அநேகமாக வருவதே இல்லை என்பதுதான் அதன் நிலைமை. அவர்கள் காத்திருப்பதைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். 1971 படத்தில் ஜெர்மன் விமானப் படையினரை ஊருக்குள்ளேயே இறக்கி, ஜனங்களைப் பிணைக்கைதிகளாகப் பிடிக்க வைத்தார்கள். படம் மோசமில்லை. ஆனால் விருந்தாளி வந்துவிட்ட பிறகு காத்திருப்பதில் என்ன சிரிப்பு?

'ஸ்டெப்டோ' எழுதிய இரட்டையர் கொஞ்சம் விவரமானவர்கள். 1972 படத்தில் ஹாரால்டுக்குக் கல்யாணமே செய்துவைத்து, தேனிலவுக்கு ஸ்பெயின் அனுப்பினார்கள். அப்பனையும் கூடவே அனுப்பினார்கள். அங்கே கிழவனுக்கு உடம்புக்கு முடியாமல் போக, மகன் புது மனைவியை விட்டுவிட்டு அப்பனோடு ஊர் திரும்புகிறான். கடல் தாண்டியும் வண்டி அசையவில்லை.

இன்னொரு இழப்பு காதுக்கு மட்டுமே தெரியும். தொலைக்காட்சித் தொடர்கள் பெரும்பாலும் அரங்கத்தில் பார்வையாளர்களை உட்காரவைத்துப் பதிவானவை. நடிகர் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு, சிரிப்பு எழுந்து அடங்கும்வரை முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிற்பார். அந்த இடைவெளியே ஒரு நடிப்பு. படத்தில் அந்தச் சிரிப்பொலி கிடையாது. நடிகரோ பழக்கத்தில் நிற்கிறார். காலியான அறையில் ஜோக் சொன்ன மாதிரி ஓர் அமைதி.

இந்தப் படங்களைத் தமிழில் 'தழுவல்' என்று எழுதுகிறோம். எனக்கு அது அரை மனத்தோடுதான் பொருந்துகிறது. தழுவல் என்றால் வேறொருவரின் கதையை எடுத்து நம் ஆட்களைக் கொண்டு செய்வது. இங்கே நடிகர்களும் அவர்களே, பெரும்பாலும் எழுத்தாளர்களும் அவர்களே. முன்னொரு நூலை ஒட்டி எழும் வழிநூலைத் தொல்காப்பியம் நான்கு வகையாகச் சொல்லும்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. முப்பது நிமிடத்தைத் தொண்ணூறாக்குவது விரித்தல். 'டாட்ஸ் ஆர்மி' படம் படை உருவான பழைய கதையை முதல் பாதியில் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பிறகு புதிதாக நீள்கிறது, அது தொகைவிரி. பழைய பெட்டியில் இவ்வளவு துல்லியமான கருவி கிடக்கும்போது எல்லாவற்றுக்கும் தழுவலையே போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை.

சரி, சிட்காமுக்கு என்ன சொல்வது? 'சூழல் நகைச்சுவை' என்றால் சுற்றுச்சூழல் துறையின் விழிப்புணர்வு நாடகம் போலிருக்கிறது. 'சூழ்நிலை நகைச்சுவை'க்கு ஒரு ஆதரவு உண்டு: 'சூழ்நிலைக் கைதி' என்ற வழக்கு. சிட்காம் நாயகன் எவனும் சூழ்நிலைக் கைதிதான். ஆனாலும் 'சூழ்நிலை சரியில்லை' என்று நாம் சொல்லும்போது அது நாளைக்கு மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருக்கிறது. சிட்காமில் நாளை என்பதே இல்லை.

நான் முன்வைப்பது 'நிலைக்கள நகைச்சுவை'. உவமை எவற்றின் அடியாகப் பிறக்கும் என்று சொல்லும்போது தொல்காப்பியம் 'நிலைக்களம் என்ப' என்கிறது. நில் என்ற வேர், நிற்கும் களம். 'சிட்டுஸ்' சொல்லும் இடமும் இதில் இருக்கிறது, 'நிலைமை' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நகை பிறக்கும் இடங்களையும் அதே நூல் எண்ணிச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். காயலான்கடைக்குள் இவற்றில் குறைந்தது மூன்று தேறும். சொல் கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். தலைப்பில் இடம் போதாத இடத்தில் 'சிட்காம்' என்றே எழுதிவிடலாம், குடி முழுகிவிடாது.

இந்தச் சொல்லை உரசிப் பார்க்க எடுக்கவேண்டிய படம் மிஸ்டர் பீனுடையது அல்ல. அவருக்கென்று நிலையான களம் கிடையாது. அவரே தன் களத்தைச் சுமந்துகொண்டு திரிகிறார். அதனால்தான் 1997இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் 2007இல் பிரான்ஸுக்கும் போய்வர முடிந்தது. உரசிப் பார்க்க 'போரிட்ஜ்' வேண்டும். பெயரைப் பார்த்துக் கஞ்சி என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் கொச்சையில் அது சிறைவாசம். நம்மூரில் 'களி தின்கிறான்' என்கிறோமே, அதேதான். ஸ்லேட் சிறையில் ஐந்தாண்டுத் தண்டனை அனுபவிக்கும் ஃப்ளெட்சராக ரானி பார்க்கர், அவருடைய அறைத்தோழன் காட்பராக ரிச்சர்ட் பெக்கின்சேல். 1974 முதல் 1977 வரை வந்த தொடர்.

1979இல் அது படமானபோது, தீ விபத்தால் காலியாகிக் கிடந்த செம்ஸ்ஃபோர்ட் சிறையிலேயே எடுத்தார்கள். பெக்கின்சேல் அந்த மார்ச்சில் 31 வயதில் இறந்துபோனார். படம் சில மாதம் கழித்து வெளிவந்தது. கதை இதுதான்: ஒரு கால்பந்துப் போட்டியைச் சாக்காக வைத்து வேறொரு கைதி தப்பிக்கத் திட்டமிடுகிறான். பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டதால் ஃப்ளெட்சரையும் காட்பரையும் வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். மற்ற படங்களில் என்றால் இந்த இடத்தில் ஸ்பெயினுக்கு டிக்கெட் எடுத்திருப்பார்கள். இவர்கள் இருவரும் வெட்டவெளியில் நின்று யோசிக்கிறார்கள். பிடிபட்டால் தண்டனை கூடும். ஆகவே, யாரும் கவனிப்பதற்குள் ஜெயிலுக்குள் திருட்டுத்தனமாக நுழைய வழி தேடிக் கிளம்புகிறார்கள்.